பூஜையில் மாட்டிக்கொண்ட வாள்

மாயவாள் என்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயருக்கு ஒரு காரணமும் வேண்டும் என்று சொன்னது அக்காதான். மாயாஜாலக் கதைகளாகப் படித்துத் தள்ளுபவள் அவள். ஒன்பது வயதில், அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய என் வாளுக்கு ‘நூறுதலை கொய்தான்’ என்று பெயர் வைத்தேன். காரணத்தைப் பெயருக்குள்ளேயே அடைத்துவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.

ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் கதை சொல்லும் போட்டி. முந்தின வருடம் அதே மேடையில் கதை மறந்துபோய் அழுதுகொண்டே இறங்கியவள் நான். இந்த முறை வாளோடு மேடையேறி ஜெயித்தே ஆகவேண்டும். போட்டியன்று ஆயுத பூஜை வேறு. அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அக்காவின் மடிக்கணினி எல்லாம் காலையிலேயே சாமி முன்னால் வரிசையாக இருந்தன. வாளுக்கும் கொஞ்சம் சக்தி ஏறட்டுமே என்று நானும் அதை நடுவில் வைத்தேன். அம்மா மறுக்காமல் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

மதியம் கிளம்பும்போது வாளை எடுக்கப் போனேன்.

“பூஜையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்” என்றார் அம்மா.

“அலமாக்! கதையே அதுதாம்மா!”

அப்பா எனக்காகப் பேச வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மண்டபம் வரை அம்மாவின் கையைப் பிடிக்காமலேயே நடந்தேன்.

மேடையில் நடுவர் என் கதைத் தலைப்பு இருந்த தாளைப் பார்த்து, “நூறுதலை கொய்தான் எங்கம்மா?” என்றார். என் வெறுங்கையைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது.

“வீட்ல... பூஜையில இருக்கு சார்.”

சொன்னதுதான் தாமதம், கதைக்கு வழி கிடைத்துவிட்டது. என் வீரன் வெறுங்கையோடு போர்க்களம் போனான். எதிரி ராஜாவும் வெறுங்கையோடு நின்றான். அவன் வீட்டிலும் பூஜை. வந்ததற்கு என்னதான் செய்வது? இரண்டு படைகளும் உட்கார்ந்து பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீடு திரும்பின. அன்று ஒரு தலைகூட விழவில்லை.

“அன்னையிலேர்ந்து அந்த வாளுக்குப் பேரு நூறுதலை காத்தான்!” என்று கத்தினேன்.

மண்டபமே கைதட்டியது. முதல் பரிசு எனக்குத்தான்! கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி இறங்கி வந்தேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாளைத் தராமல் போனதற்குத்தான் இப்போது வருந்துகிறார் என்று முடிவு செய்தேன். ஜெயித்த பிறகு கோபம் எதற்கு? பெரிய மனசு பண்ணி அவர் தோளைத் தட்டி, “பரவால்லம்மா, அழாதீங்க. அடுத்த வருசம் குடுங்க” என்று மன்னித்துவிட்டேன்.