திட்டித் திட்டியே என்னை ஏத்திவிட்டவர்

என் கணக்கு ஏறியிருக்குன்னு தெரிஞ்சதும், ரேணிகுண்டா பஸ்ஸில நின்னுக்கினே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, ஏதோ லாட்டரி விழுந்துடுச்சுன்னே நினைச்சிருப்பாங்க.

கணக்குன்னா வேற ஒண்ணுமில்ல. நான் எழுதின ஆய்வுக் கட்டுரையை இன்னொருத்தர் தன் கட்டுரையில எடுத்துக் காட்டினா, அது எனக்கு ஒரு புள்ளி. திருப்பதியில நான் பாடம் நடத்துற கல்லூரியில, புள்ளி குறைவு, "தாக்கம் போதாது"ன்னு சொல்லியே இணைப் பேராசிரியர் பதவியை ரெண்டு தரம் கையில காட்டிப் பிடுங்கிக்கினாங்க. இந்தத் தரமும் போச்சுன்னா, எனக்கு அப்புறம் சேர்ந்தவங்க கிட்ட லீவுக்குக் கை கட்டி நிக்கணும். எனக்கு அது ஆகாது.

அந்தப் புள்ளியெல்லாம் யார் கொடுத்ததுன்னு பார்த்தா, முக்காவாசி ஒரே ஆள். சித்தூர்ப் பக்கத்து ஆராய்ச்சியாளர் ஒருத்தர். நேர்ல பார்த்தது கிடையாது. மாந்தோப்புக்குப் பழ ஈ எப்போ வரும், பொறி எப்போ கட்டணும்ங்கிறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் ஆய்வு. நான் நகரி, புத்தூர்ல எங்க தமிழ் விவசாயிங்களைக் கேட்டு, சைத்ர மாசம்னு எழுதினேன். அவர் சந்திரகிரிப் பக்கம் தெலுங்கு விவசாயிங்களைக் கேட்டு, வைசாகம்னு எழுதினார். எழுதினதோட விட்டாரா? என் பேரைப் போட்டு, "இந்த முடிவு ஏற்கத்தக்கதல்ல"ன்னார். நான் சும்மா இருப்பனா? அடுத்த கட்டுரையில அவர் பேரைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். இப்படியே வருஷக் கணக்கா நடந்துச்சு. அவர் திட்டத் திட்ட என் புள்ளி ஏறிச்சு, நான் திட்டத் திட்ட அவருது ஏறிச்சு. திட்டுக்கும் பாராட்டுக்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாதே.

பதவி உயர்வு நேர்காணல் அன்னிக்கு உள்ளே போய் உக்காந்தேன். தேர்வுக் குழுத் தலைவர், "வெளியிலிருந்து வந்திருக்கிற நிபுணர்"னு ஒருத்தரைக் காட்டிப் பேரைச் சொன்னார். அதே ஆள். ஒல்லியா, மடிச்சுவிட்ட சட்டைக் கையோட, என் கட்டுரைங்களை எல்லாம் அடுக்கா முன்னால வெச்சுக்கினு இருந்தார்.

"மேடம், புத்தூர்ல ஈ சைத்ரத்துலயே வந்துடுதா?"ன்னார் தெலுங்குல. "வராம?"ன்னேன். கோபம் மூக்கு மேல வந்துடுச்சு. "எங்க நைனா தோப்பே இருக்குது, நீங்களே வந்து பாருங்க சார். கங்கம்மா ஜாத்திரைக்குக் கூட்டம் சேரும்போது ஈயும் சேரும்." அவர் பேனாவைக் கீழே வெச்சுட்டார். "எங்க பக்கத்து விவசாயிங்களும் ஜாத்திரைன்னுதான் சொல்றாங்க."

ஜாத்திரை ஒண்ணுதான், அப்புறம் எப்படி ரெண்டு மாசம்? சட்டுனு பொறி தட்டுச்சு. எங்க சித்திரை, தமிழ் வருஷப் பிறப்புல தொடங்குது. அவங்க சைத்ரம் உகாதியிலேயே தொடங்கிடுது. எங்களுக்குச் சித்திரை நடக்கும்போது அவங்களுக்கு வைசாகமே வந்துடும். சித்திரையை இங்கிலீஷ்ல எழுதும்போது நான் சைத்ரம்னு போட்டேன். அதை அவர் தன் வீட்டுக் காலண்டர்ல படிச்சார். அவர் வைசாகத்தை நான் எங்க வைகாசின்னு படிச்சேன். எல்லாம் ஒரே நாளுங்கதான். எங்க வீட்டுல உகாதிக்குப் பச்சடி, தமிழ் வருஷப் பிறப்புக்கு வடை. ரெண்டையும் வருஷா வருஷம் வயிறு முட்டத் துன்னவ நான். எனக்கே தோணலையே.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அவரும் சிரிச்சார். தலைவர் மட்டும் சிரிக்கல. "அப்படின்னா இந்தச் சண்டையில வந்த புள்ளியெல்லாம் செல்லாதா?"ன்னு கேட்டார். என் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. போச்சுடா, என் வாயாலேயே கெடுத்துக்கினேன்னு நினைச்சேன்.

அவர் அந்தக் கட்டுரை அடுக்கைத் தலைவர் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் பென்சில் எழுத்து. "தப்பு கண்டுபிடிக்கணும்னே இவங்க எழுதின ஒரு வரி விடாம படிச்சிருக்கேன் சார். இவங்களை மறுக்கணும்னே தோப்பு தோப்பா அலைஞ்சேன். என் கட்டுரையை அந்த மாதிரி ஒருத்தர் படிச்சிருந்தா நான் அதைத் தாக்கம்னு சொல்லுவேன்"ன்னார். "நானும் உங்களுதை அப்படித்தான் சார் படிச்சேன்"ன்னேன்.

பதவி கெடைச்சுது. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து, ரெண்டு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரு கட்டுரை எழுதினோம். நாங்க எழுதினதுலயே உருப்படியான கட்டுரை அதுதான். மாசக் கணக்கா ஒருத்தரும் சீந்தல. சண்டை இல்லாத வீட்டை யார் எட்டிப் பார்க்கிறாங்க?

போன வாரம் வகுப்புக்குக் கிளம்பிக்கினு இருந்தேன், அவர்கிட்டேருந்து போன். மூச்சு வாங்கிக்கினே பேசினார். "மேடம், முதல் புள்ளி வந்துடுச்சு. வேலூர்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க."

"என்ன சொல்றாங்க சார்?"

"ஈ மாசம் பார்த்து வராதாம், கோடை மழையைப் பார்த்துத்தான் வருமாம். நாம ரெண்டு பேருமே தப்பாம்."

பையைக் கீழே போட்டுட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். "முதல் வரியிலேருந்து படிங்க சார்"ன்னேன்.