தூண் காட்டிய இரண்டு அடி

மழை விட்ட மறுநாள் காலை, திருவேற்காட்டில் கூவம் நுரைத்து ஓடும் இடத்தில் கயாக் படகு விடப்போவதாக மகளும் அவளுடைய அலுவலக நண்பனும் கிளம்பினார்கள். நம்பிக்கையில்லாமல் நானும் கூடவே போனேன். அங்கிருந்த பாலத்தின் தூணில் தண்ணீர் மட்டத்தின் அடிக்கணக்கு பெயின்டில் எழுதியிருந்தது.

“ரெண்டு அடிதான் கீது ஆன்ட்டி. இதுல எறும்புகூட முழுவாது,” என்றான் நண்பன்.

அதுதான் எனக்கு உறுத்தியது. அவ்வளவு மழைக்கு இரண்டு அடியா? மீதித் தண்ணீர் எங்கே போனது? ஆறு வரும் பக்கம் பார்த்தேன். அங்கிருந்த தரைப்பாலத்தில் தண்ணீர் போகும் கண்களை ஆகாயத்தாமரை முழுக்க அடைத்திருந்தது. ஒரு பொக்லைன் அதை வாரிக்கொண்டிருந்தது.

“அதை எடுத்து முடிக்கட்டும், அப்புறம் இறங்கு,” என்றேன்.

“மாடி டேங்க் நிரம்பி வழிஞ்சாலே நீ பயப்படுவியேம்மா,” என்று சிரித்தபடி மகள் படகில் ஒரு காலை வைத்தாள். நான் அவள் கையை விடவில்லை.

அந்த இழுபறியிலேயே ஆகாயத்தாமரை மொத்தமாகப் பிய்ந்தது. அதன் பின்னால் தண்ணீர் பாய்ந்து வந்தது. நான் இழுத்த இழுப்பில் அவளும் நானும் கரைச்சேற்றில் விழுந்தோம். கரையில் நின்ற நண்பன் பார்த்திருக்கப் படகு போய்விட்டது. தூணில் ஒரு எண்ணும் தெரியவில்லை.

“அவ்ளோ தண்ணியும் அங்கதான் நின்னுச்சாம்மா?” என்றாள். ஆமென்று தலையாட்டினேன்.