உப்பைப் பற்றிச் சொல்லக் கூடாதவர்கள்

கொல்லிமலையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பாதிப் பேருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வது. மீதிப் பாதிப் பேருக்கு அதைச் சொல்லாமல் இருப்பது. சொல்வது எளிதாக இருந்தது. சொல்லாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

நான் முள்ளுக்குறிச்சிக்காரி. ஊட்டச்சத்துப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, சேலத்தில் ஒரு டாக்டரம்மா நடத்திய ஆய்வில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். மலையில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள் பெரும்பாலும் குடும்பத்தைச் சமவெளியில் விட்டுவிட்டு, ஊறுகாயையும் கருவாட்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தினால் உப்பைக் குறைப்பார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பாடமும் ஒரு சிறிய அளவுக் கரண்டியும் உண்டு. மீதிப் பேருக்கு ஆறு மாதம் ஒன்றும் கிடையாது, முடிவு வந்த பிறகுதான் பாடம். தொடக்கத்திலும் கடைசியிலும் இரு சாராரும் ஒரு நாள் முழுக்கக் கழிக்கும் சிறுநீரைக் கேனில் பிடித்து, அதிலுள்ள உப்பை அளப்போம். வாய் பொய் சொல்லும், சிறுநீர் பொய் சொல்லாது என்பார் டாக்டரம்மா.

யாருக்குப் பாடம், யாருக்கு இல்லை என்பது சீட்டில் முடிவானது. செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில், எல்லாரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்த பிறகு, மூடிய உறைகளை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். அங்கே மேலாளராக இருந்த சூப்பிரண்டு சார்தான் முதலில் எடுத்தார். பணி ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது அவருக்கு. தூத்துக்குடிப் பக்கம், மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மாதா படம் வைத்திருப்பார். அவருக்கு வந்தது பாடம் இல்லாத சீட்டு. கடைசியாக எடுத்த அலுவலக உதவியாளருக்குப் பாடமும் கரண்டியும் விழுந்தன. உதவியாளர் காரவள்ளிக்காரர், தினமும் முதல் பஸ்ஸில் மேலே வருகிறவர். கரண்டியை வாங்கித் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அது பேனாவைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சூப்பிரண்டிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பார்வை, பொருள் எல்லாம் போட்டு, அலுவலகத்தில் பணிமூப்பு கருதாமல் கரண்டி வழங்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டிருந்தார். டாக்டரம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். சீட்டுக்குப் பணிமூப்பு தெரியாது என்று பதில் எழுதச் சொன்னார். அதையே எழுதினேன். உரிய முத்திரை குத்தி அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் வெறும் வீம்புக்குக் கேட்கவில்லை என்பது ரத்த அழுத்தம் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அளவு நிறையவே கூடியிருந்தது. அப்படி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. அனுப்பினேன். அங்கே அன்றைக்குத் தடுப்பூசி நாள். கூட்டத்துக்கு நடுவே மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பக் குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"உப்பு விளையுற ஊர்ல பொறந்தவன்மா நான். எப்படிக் குறைக்கதுன்னு தெரியல. அத மட்டும் சொல்லு, போதும்."

எனக்கு அது மனப்பாடம். ஊறுகாயில் எவ்வளவு, அப்பளத்தில் எவ்வளவு, கருவாட்டை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும், சோற்றில் உப்புப் போடாமல் வடித்தால் நாக்கு எத்தனை நாளில் பழகும், எல்லாம் தெரியும். பையில் பாட அட்டைகள் இருந்தன. அதில் கருவாட்டுக்கென்றே தனி அட்டை, படத்தோடு.

"ஆறு மாசம் கழிச்சுச் சொல்றேனுங்க சார்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நான் கேக்கேன். உனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்டேங்க," என்று மூன்று விரல்களை மடக்கி எண்ணினார். பிறகு, ஆறு மாதத்துக்குள் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாடத்தை யாரிடம் நடத்துவதாக உத்தேசம் என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மாத்திரை கொடுத்தாயிற்று, டாக்டர் பார்த்தாயிற்று, ஆய்வின் விதி ஆய்வின் விதிதான் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே உதவியாளரின் குரல் கேட்டது. "நாக்கும் நம்மூட்டுக் கண்ணுக்குட்டி மாதிரிங்க. மொத நாலு நாள் முண்டும், அப்பறம் சொன்ன எடத்துல நிக்கும்." அது என் வாக்கியம். முந்தின வாரப் பாடத்தில் நான் சொன்னது. நம்மூட்டு என்பது கூட நான் சொன்னதுதான். தொடர்ந்து கருவாட்டு அட்டை வரிசை மாறாமல் வந்தது. நடுவில் சூப்பிரண்டு சந்தேகம் கேட்டார். உதவியாளர், அது அடுத்த பாடத்தில் வருமுங்க என்றார். அதுவும் நான் சொல்லும் பதில்தான்.

விஷயம் பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வாய்மொழி அறிக்கை தர வேண்டும் என்று சூப்பிரண்டு உத்தரவு போட்டிருந்தார். கதவைச் சாத்தியது ரகசியத்துக்கு. அதனாலேயே மற்றவர்களுக்கும் ஆவல் வந்துவிட்டது. பாடம் கிடைத்தவர்கள் தேநீர் நேரத்தில் கிடைக்காதவர்களுக்குச் சொன்னார்கள். என் வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள்கூட, சொல்லக் கூடாது என்று தெரிந்ததும் ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்களாம்.

இதை நான் களக் குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும். அன்று தேதியைப் போட்டேன், வானிலை எழுதினேன், கதவருகே நின்றதை எழுதவில்லை.

ஊழியர்கள் எல்லாரும் மத்தியானம் சாப்பிட்டது ஒரே மெஸ்ஸில். ராசிபுரத்துக்காரரான ஓர் அக்கா அதை நடத்தினார். ஒரே குண்டானில் வைக்கும் குழம்பில் பாதிப் பேருக்கு மட்டும் எப்படி உப்பைக் குறைப்பது என்று சேலத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. அக்கா தாமாகவே ஒரு வழி கண்டார். குழம்பில் உப்பைப் பாதியாக்கிவிட்டு, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள மேசையில் ஒரு கிண்ணம் வைத்தார். முதல் வாரம் கிண்ணம் தினமும் காலியானது. பிறகு அதில் உப்பு கட்டிதட்டிப்போய் அப்படியே கிடந்தது.

ஆறு மாதம் முடிந்து மறுபடி கேன் கொடுக்கும் நாள் வந்தது. ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன்கள். மறுநாள் அவற்றைத் திரும்ப வாங்கி, காரவள்ளியில் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த அறைக்குக் கொண்டுபோய் அளந்து, சிறு குப்பிகளை மட்டும் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று பார்த்து எங்கள் ஆய்வு ஜீப் பழுதாகி நின்றுவிட்டது. உதவியாளரும் நானும் கேன்களை இரண்டு சாக்குப்பைகளில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் கேன்கள் ஒன்றையொன்று முட்டின. ஒரு பையின் வாய் அவிழ்ந்து ஒரு கேன் உருண்டு, மலை பார்க்க வந்திருந்த ஒரு குடும்பத்தின் காலடியில் போய் நின்றது. அந்த வீட்டு அம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கலப்படமில்லாத மலைத்தேன் நிறம் என்றால் இதுதான் என்று கணவரிடம் சொன்னார்.

தேன் இல்லை என்றேன். விற்க மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மலைக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று மூடியில் கை வைத்தார். உதவியாளர் எழுந்து, தம் வாழ்நாளிலேயே அதிக மரியாதையோடு பேசினார்.

"ஏனுங்கம்மா, அது எங்க சூப்பிரண்டு சாருதுங்க."

அந்த அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. அதிகாரிக்குப் போகும் தேன் என்று எடுத்துக்கொண்டு, பெரிய மனிதர்களுக்குத்தான் நல்ல பொருள் எல்லாம் என்று முணுமுணுத்தபடி திருப்பிக் கொடுத்தார்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா எனக்குப் போன் செய்தார். பாடம் கேட்டவர்கள் உப்பை நன்றாகக் குறைத்திருந்தார்கள். பாடம் கேட்காதவர்களும் அதே அளவு குறைத்திருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே பாடத்தால் ஒரு பயனும் இல்லை என்றுதான் கணக்கு சொன்னது. எல்லாருக்கும் நல்லது நடந்துவிட்டதால் ஆய்வு தோற்றுப்போனது என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். மறுவாரம் விசாரிக்க மலைக்கே வந்துவிட்டார்.

செய்தி முன்பே போய்விட்டது. சேலத்திலிருந்து யாரோ தணிக்கைக்கு வருகிறார்கள் என்று அலுவலகம் புரிந்துகொண்டது. தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொண்ட குற்றத்துக்கு என்ன தண்டனை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டபோது, பாடம் இல்லாதவர்கள் அத்தனை பேரும் தாங்கள் உப்பை அள்ளித்தான் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். சூப்பிரண்டு எழுத்து மூலமே கொடுத்தார்: இவ்வலுவலகப் பாடம் பெறாப் பணியாளர் எவரும் உப்பைக் குறைக்கவில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மத்தியானம் எல்லாரும் மெஸ்ஸில் உட்கார்ந்தோம். உப்புக் குறைந்த ரசத்தை ஒரு வாய் வைத்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. நிமிர்ந்து ஒவ்வொருவர் இலையாகப் பார்த்தார். அப்போது சூப்பிரண்டு கை நீட்டிக் கிண்ணத்தை இழுத்தார். கட்டிதட்டிய உப்பைக் கரண்டிக் காம்பால் உடைத்து, ஒரு பிடி அள்ளி ரசச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். ஒரு கவளம் விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. முகத்தை மாற்றாமல் இரண்டாம் கவளத்தை உருட்டினார். அவரைப் பார்த்துப் பாடம் இல்லாத இன்னும் இரண்டு பேர் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்கள்.

நான் எழுந்து போய் அவர் இலையை இழுத்துவிட்டேன்.

"போதுங்க சார். உங்களுக்கு பிரஷர் இருக்குது. உப்புப் போடாதீங்க."

அவருக்கு நான் சொன்ன முதல் பாடம் அதுதான். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து முழுவதையும் குடித்தார். மெஸ் அக்கா வேறு இலை போட்டு மோர்ச் சோறு வைத்தார்.

ஜீப்பில் மலை இறங்கும்போது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவருகே நின்றது, எழுதாமல் விட்டது, எல்லாம். அவருக்கு வளைவுப் பாதை ஒத்துக்கொள்ளாது. ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பல வளைவுகள் தாண்டிய பிறகு, "அந்த உதவியாளர் பாடத்த ஒழுங்கா சொன்னாரா?" என்று கேட்டார்.

"என்னைய விட நல்லாச் சொன்னாருங்க மேடம்."

அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது. குமட்டலாகவும் இருந்திருக்கலாம்.

இறுதி அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். குழுக்களுக்கிடையே தகவல் பரவியதால் பாடத்தின் பயனை அளக்க இயலவில்லை என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது. அந்த மாதமே சூப்பிரண்டு சாரின் ரத்த அழுத்தத்தை ஒரு தடவை பார்த்தேன். நன்றாகக் குறைந்திருந்தது. அதை எழுத அறிக்கையில் இடம் இல்லை.

அடுத்த ஆய்வில் டாக்டரம்மா தவறைத் திருத்திக்கொண்டார். ஆளுக்கு ஆள் பிரிக்காமல் ஊருக்கு ஊர் பிரித்தார். எனக்கு மலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம், பாடம் சொல்லக் கூடாத ஊர்கள் ஒதுக்கப்பட்டன. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினேன். இப்போது மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். வருகிற எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லலாம். ஒரு தடையும் இல்லை. சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, மாத்திரை வரிசை எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.