கழற்றி வைத்த ஈயச் சுருள்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டில், இலங்கையிலிருந்து வந்த ஆறு ஆண்கள் இருந்தோம். என் அறையில் இருந்தவரை, காசுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் எட்டு மாதம் தங்கவைத்துப் பிறகுதான் லண்டனுக்கு ஏற்றியிருந்தான். பாங்கொக்கிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து கழுத்தில் கிடந்த ஒரு சுருள். சுண்டுவிரல் நீள ஈயத் தகட்டில் ஒரு பிக்கு பாளி மந்திரம் கீறிச் சுருட்டிக் கொடுத்தாராம். அது போதாதென்று, அதே விடுதியில் வேலை செய்த மலைவாசிக் கிழவர் ஒருவர் அதில் கோழி இரத்தம் தடவி, காட்டுத் தெய்வத்தைக் கூப்பிட்டு, கறுப்பு நூலால் சுற்றிக் கட்டினாராம். புத்தருக்கும் காட்டுத் தெய்வத்துக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டேன்.

"எங்களைப்போலதான் அண்ணை, ஒரு அறைக்குள்ள சமாளிக்கினம்" என்றார்.

நான் கோயிலுக்குப் போவதே சாப்பாட்டுக்காகத்தான். அவருடைய பத்தியங்கள் எனக்கு எரிச்சலாக இருந்தன. உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே போனால் காவல் கெட்டுவிடும் என்று கிழவர் சொல்லியிருந்தார். குளிர்காலத்தில் எங்கள் வீட்டு நடை முழுக்கக் கொடிதான். சமைக்கக் குசினிக்குப் போக அவர் முன்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் வருவார். ஸ்னோ கொட்டும்போதும் அப்படித்தான்.

பிறகு அகதி விண்ணப்ப நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. கொழும்பிலிருந்து நேரே வந்ததாகத்தான் அவருடைய வழக்கு எழுதப்பட்டிருந்தது. இடையில் இன்னொரு நாட்டில் தங்கியது தெரிந்தால், அங்கேயே இருந்திருக்கலாமே என்று மறுத்துவிடுவார்கள். மறுத்தால் ஊரில் இருக்கும் மனைவியையும், அவர் இன்னும் முகம் பார்க்காத மகளையும் கூப்பிட வழியில்லை.

"தாய்லாந்தைக் கழுத்தில கட்டிக்கொண்டே போகப்போறீர்?" என்று கேட்டேன். "அறுணாக்கொடியில கட்டி உள்ளுக்க விடும். ஊரில அப்பிடித்தானே கட்டுறது."

"ஏலாது அண்ணை. புத்தரின்ர வசனம். இடுப்பில கட்டக் கூடாது."

"அப்ப கழட்டும்."

"கழட்டினா எனக்குக் கதை வராது."

மூன்று நாள் நானே அதிகாரியாக இருந்து கேள்வி கேட்டுப் பழக்கினேன். பயணக் கதைக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் தடுமாறினார். கடைசியில் நேர்முகத்தன்று காலை, என் கரைச்சல் தாங்காமல் சுருளைக் கழற்றி என் கையில் தந்தார். நான் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேர்முக அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"ஒவ்வொரு கேள்விக்கும் கை தன்பாட்டில கழுத்துக்குப் போகுது அண்ணை. என்ன தேடுறீர் எண்டு கேட்டாங்கள். பாங்கொக்கில கட்டினது, இண்டைக்குக் கழட்டிப்போட்டு வந்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று திட்ட வாயெடுத்தேன். கழற்றச் சொன்னது யார் என்று நினைவு வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. சுருளை எடுத்து நீட்டினேன். அது நடுவில் நன்றாக நெளிந்திருந்தது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்களும் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?"

"சீச்சீ. பொக்கற்றில நெளிஞ்சிருக்கும்" என்றேன். உள்ளங்கையில் அதன் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேன்முறையீடு, வழக்கறிஞர், கடிதம் என்று வருடங்கள் இழுபட்டன. தொண்ணூறுகளில் ஒருவழியாக அனுமதி கிடைத்து மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். தகப்பனை அன்றுதான் கிட்டப் பார்ப்பவள் மாதிரி மடியில் ஏறி இருந்து, கழுத்துச் சுருளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதை ஆர் நெளிச்சது?"

அவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

"அது பாங்கொக்கில தரேக்கயே அப்பிடித்தானம்மா இருந்தது."

அவர் தடுமாறாமல் ஒரு பொய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.