தெருவைத் திறந்த பிலோமினா அக்கா

சிதம்பரம் கீழவீதியில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் காசியம்மா, கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் காய்கறி விற்பவர். அதுவரை அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. "தம்பி, பிலோமினாக்கா போயிட்டாங்க. காலைல பூசைக்குப் போயிட்டு வந்து மெஷின்கிட்ட ஒக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க. நீ வந்துடு" என்றார்.

கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியில் அழுகை வரவில்லை. முதுநகரில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்து, எல்லாக் கடைகளும் மூடியிருப்பதைப் பார்த்ததும்தான் வந்தது. அந்தத் தெரு துக்கத்துக்காக இல்லாமல், பிழைப்பு இல்லாமலே அப்படி மூடிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அதைத் திறந்தவர் உள்ளே படுத்திருந்தார்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். உங்களில் பாதிப் பேர் கல்யாண ரவிக்கைக்கு அவரிடம்தான் அளவு கொடுத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் தையல்காரர். கணவர் போன பிறகு அந்த ஒற்றை மெஷினை வைத்து மகளைப் படிக்கவைத்து, செம்மண்டலத்தில் கட்டிக்கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுற்றி வளைக்கமாட்டார்.

எங்கள் தெருவில் முதலில் மூடியது நடுவிலிருந்த மளிகைக் கடை. உரிமையாளர் வயதாகிவிட்டதென்று மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அரிசி பருப்புக்கு மஞ்சக்குப்பம் போக ஆரம்பித்த சனம், ஊசி நூலையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்தது. பாத்திரக் கடை மூடியது. வளையல் கடை மூடியது. என் நோட்டுப் புத்தக, ஜெராக்ஸ் கடையில் மதியம் வரை ஒருவர்கூட எட்டிப் பார்க்காத நாட்கள் இருந்தன. அந்த நிலையில் மளிகைக் கட்டடத்தைக் குடோனாக்க ஒரு கம்பெனி வாடகை பேசுவதாகச் செய்தி வந்தது. அன்று மாலையே அக்கா ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி எல்லோரையும் கூப்பிட்டார்.

மறுநாள் அவருடைய தையல் கடையில் கூடினோம். உட்கார இடமில்லை. வெட்டிப்போட்ட துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றோம்.

"குடோன் வந்துச்சின்னா லாரிதான் வரும், ஜனம் வராது. அந்தக் கடைய நம்மளே எடுத்து நடத்துவோம். ஆளாளுக்கு முடிஞ்சத போடுவோம். யாரு ஜாஸ்தி போட்டாலும் கம்மியா போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்" என்றார்.

எதிர்த்துப் பேசியது நான். "அக்கா, ஒரு மொதலாளி நடத்த முடியாம மூடிட்டுப் போனாரு. தெருவே மொதலாளின்னா எப்படி நடத்துவீங்க?"

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "அவருக்கு அது கடை தம்பி. நமக்கு அது வாசல். அது மூடியிருந்தா உன் கடைக்கு யாரு வருவா?" என்றார்.

நான் சேரவில்லை. அடுத்த மாதமே சிதம்பரத்துக்குக் கிளம்பி, மைத்துனனோடு கடை போட்டுவிட்டேன். அவர்கள் நான் இல்லாமலே 'நம்ம கடை' என்று போர்டு மாட்டித் திறந்தார்கள். பெண்ணாடம் பக்கமிருந்து வெல்லம் வந்தது. கடை வாசலில் தேவனாம்பட்டினத்துப் பெண்கள் கருவாடு விற்க இடம் கொடுத்தார்கள்.

முதல் மழைக்காலத்திலேயே தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டது. வடிந்ததும் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் சொன்னதுதான் நடந்தது என்ற நினைப்பும் என்னோடு பஸ்ஸில் வந்தது. நனைந்த அரிசி மூட்டைகள் தெருவில் புளித்து நாறிக்கொண்டிருந்தன. உள்ளே வெறும் அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் எட்டிப் பார்த்து, "கடை இல்லியாக்கா?" என்றார்.

"கடை இருக்குதே. சாமான்தான் இல்ல. என்னா வேணும்னு சொல்லிட்டுப் போ, எழுதி வைக்கிறேன்."

அன்று பகல் முழுக்க எழுதினார். சாயங்காலம், கடையை மூடிவிடலாம் என்று சொல்ல வந்தவர்கள் முன்னால் அதை வாசித்தார். யார் வீட்டுக்கு உளுந்து, யார் வீட்டுக்குக் கோதுமை மாவு என்று பெயரோடு. முடித்துவிட்டு, "இவுங்ககிட்ட யாரு போய் இனிமே கடை இல்லன்னு சொல்றீங்க? சொல்றவங்க கைய தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. மறுநாள் காலையில் வாளியும் துடைப்பமுமாகத் தெருவே வந்தது. நானும் சிதம்பரம் திரும்பாமல் இருந்து அலமாரி கழுவினேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் காலையில் சிதம்பரம் கடை வாசலில் அக்கா நின்றார். பங்குப் பணம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மறுக்க வார்த்தை தேடினேன். அவர் கேட்டது வேறு. "தெருவுக்குள்ள ஜனம் வருது தம்பி. வளையல் கடைய மறுபடி தெறந்துட்டாங்க. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கத்தான் ஆளு இல்ல. உன் கடை இன்னும் பூட்டித்தான் கெடக்குது. வந்து தெற." டீகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அந்த மாதமே முதுநகர் கடையையும் திறந்து, இரண்டு ஊருக்குமாக அலைய ஆரம்பித்தேன். நம்ம கடையில் உறுப்பினராகவும் சேர்ந்தேன்.

வியாபாரம் கூடியதும் காய்கறியும் போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எல்லோரும் சரி என்கிற மாதிரி இருந்தது. அக்கா எழுந்தார். "எதிர்ல காசியம்மா கூடை வச்சிருக்குறா. தெரு பொழைக்கட்டும்னு தெறந்த கடை, தெருவுல ஒருத்திய எடத்த விட்டு எழுப்பி விட்டுச்சின்னா அப்புறம் எதுக்கு?" அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. காசியம்மா இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறார்.

அதற்கு அடுத்த வருடம் ரெடிமேட் நைட்டி, பாவாடை விற்கலாம் என்று பேச்சு வந்தது. கூட்டத்துக்குத் தலைமை அக்காதான். நைட்டி, பாவாடை தைப்பதுதான் அவருக்கு மாதம் முழுக்கக் கைகொடுத்த வேலை, ரவிக்கை முகூர்த்த காலத்தில்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை எண்ணினார். அவற்றில் என் கையும் இருந்தது. துணி எடுக்க வருகிற கூட்டம் என் கடைக்கும் வரும் என்று நினைத்தேன். "பாஸாயிடுச்சி" என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மனது கேட்காமல் அவர் கடைக்குப் போனேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "காசியம்மாவுக்குன்னா நான் பேசலாம். எனக்குன்னா வேற யாராச்சும்தானே தம்பி பேசணும்?"

குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. பிறகு அவரிடம் நைட்டி தைக்க வந்தவர்களை, "நம்ம கடைல நல்லா இருக்குது, போய் பாரு" என்று அவரே அனுப்பிவைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தீர்மானத்தை மாற்றலாம் என்று எழுந்து சொல்ல எனக்கு எத்தனையோ கூட்டங்கள் கிடைத்தன. சொல்லவில்லை.

பங்குத் தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை தெருவே நடந்தது. காசியம்மா ஒரு பிடி மண் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

பதினைந்து நாள் கழித்து, அவர் இல்லாத முதல் கூட்டம். பாக்கெட் இட்லி மாவு போடலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனை என்றார்கள். தெருக்கோடியில் மாவு அரைத்து விற்கும் பார்வதி கடைசி வரிசையில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் உறுப்பினர்தான். அவரும் வாய் திறக்கவில்லை.

நான் எழுந்தேன். "கை தூக்குறதுக்கு முன்னால, பார்வதிய கேட்டீங்களா?" என்றேன்.

பார்வதி முன்னால் வந்தார். தானே அரைத்து நம்ம கடைக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அப்படியே முடிவானது.

பிலோமினா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கூட்டத்தில் பேசாமல் நிற்பவர் யார் என்று பார்ப்பது, பார்த்தபின் எழுந்துகொள்வது. அவருக்காக நான் எழுந்துகொள்ளவில்லை.