அத்தையின் ‘சரிங்க’

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ‘சரிங்க’ என்றதும் சம்மதித்துவிட்டாள் என்று நம்புகிறவர் எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சிக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். பூண்டு வியாபாரி விலை சொல்வார்; அத்தை தரையைப் பார்த்தபடி ‘சரிங்க’ என்பாள். அவர் சாக்கோடு திரும்பி வரும்போது பூண்டு வேறொரு ஜீப்பில் மலையிறங்கியிருக்கும். நீ பேசியது காதில் விழுந்தது, கிளம்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். சம்மதம் என்றால் ‘ஆகட்டும்’ என்பாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவளுக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்தது. அப்பா வத்தலக்குண்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பள்ளி விடுமுறை, நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா நல்லவர். கட்டிலருகே உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார்.

“பாதத்தை எடுக்கணும்மா. இல்லேன்னா உயிருக்கே ஆபத்து. உங்களுக்குச் சம்மதமா?”

“சரிங்க.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். டாக்டரம்மா நிம்மதியாகப் போனதும் அத்தை என் கையைப் பிடித்தாள்.

“நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸுக்குப் போயிருவோம் தாயி. பூண்டு புடுங்குற சோலி கெடக்கு.”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவில் நாலு நடை நடந்தேன், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினேன், மறுபடி திறந்தேன். கடைசியில் அப்பாவின் சட்டையை இழுத்தேன்.

“அத்தை ஆகட்டும்னு சொல்லலப்பா. டாக்டர்ட்ட சொல்லுங்க.”

அப்பா காசை என் கையில் திணித்தார். “பன்னு வாங்கிட்டு வா. மெதுவா வந்தாப் போதும்.”

எதற்கும் ‘வெரசா, வெரசா’ என்று விரட்டுகிறவர் மெதுவாக வரச் சொன்னது எனக்குப் பெரிய சலுகையாகப் பட்டது. பஸ் ஸ்டாண்டு வரை போய், மூன்று கடை பார்த்து, பன் வாங்கி வந்தேன். அதற்குள் ஆபரேஷனுக்கான சம்மதக் காகிதத்தில் அத்தையின் கையெழுத்து விழுந்திருந்தது. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அப்பா என்ன சொல்லி வாங்கினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்று அவ்வளவு மெதுவாக நடந்ததை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அத்தை பிழைத்தாள். அதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் வீடு திரும்பிய பிறகு ‘சரிங்க’ அவள் வாயில் வரவே இல்லை. எதைக் கேட்டாலும் ‘வேணாம்’. காபியை நீட்டினாலும் ‘வேணாம்’ என்பாள். நாங்கள் திருப்பி எடுத்துப் போனால், சற்றுப் பொறுத்து அவளே கேட்டு வாங்கிக் குடிப்பாள். கால் போனதில் அத்தைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். தான் ‘வேணாம்’ என்றால் இந்த வீட்டில் அது எடுபடுகிறதா என்று அவள் ஒவ்வொரு டம்ளராகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.