பூ வைத்த வேனில் வந்த அதிகாரிகள்

சாயிரா பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. கோட்டைமேட்டில் பள்ளியில் படித்தபோது இரங்கல் கூட்டத்தில் சிரித்து வெளியே நிறுத்தப்பட்டவர். நிக்காஹ் அன்றும் சிரித்தார். மாப்பிள்ளை ஷாநவாஸ், தன் தொப்பியில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு சாயிரா பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்தார். டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து கண்காணிப்பாளர் ஆனார். ஆய்வுக் கூட்டங்களில் மட்டும் கைக்குட்டையும் கையுமாகத்தான் உட்காருவார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்கு ஒரு புதுப் பொறுப்பு வந்தது. தொழில் நடத்துகிறவர்கள் தங்களிடம் வேலை பார்க்கிறவர்களின் மனித உரிமையை மதிக்கிறார்களா என்பதைப் பல அலுவலகங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்து வந்தன. இனி எல்லோரும் சேர்ந்து ஒரே கொள்கையாக நடக்க வேண்டும், அதை ஒருவர் ஒருங்கிணைக்க வேண்டும் என்று மேலே முடிவானது. யாரும் கை தூக்கவில்லை. அன்று விடுப்பில் இருந்த சாயிராவின் பெயரை எழுதிவிட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். சம்பளமும் வேலை நேரமும் பார்ப்பவர் திருமூர்த்தி. மெஷின் பாதுகாப்பைப் பார்ப்பவர் அருள்குமார். பெண்கள் ஹாஸ்டல்களுக்கு உரிமம் தருபவர் தெய்வாத்தாள்.

“தொழிலும் மனித உரிமையும்னு போட்டிருக்குதுங்க. இதுல நாங்க தொழிலுங்களா, உரிமைங்களா?” என்று கேட்டார் திருமூர்த்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டி.

சாயிராவின் கைக்குட்டை அன்றைக்குப் போதவில்லை.

அடுத்த வாரமே ஒரு போன் வந்தது. அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மில். அங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ரித்திகா என்ற பெண் பேசினாள். “அக்கா, ஞாயித்துக்கெழம லீவுன்னு சொல்றாங்க. ஆனா கேட்டைப் பூட்டிப்போடறாங்க. லீவ உள்ளயே உக்காந்து என்னங்க பண்றது?”

சாயிரா மூவரிடமும் கேட்டார். ஹாஸ்டல் தன் வேலை இல்லை என்றார் திருமூர்த்தி. ஹாஸ்டல் தன்னுடையதுதான், ஆனால் கேட் மில்லுடையது என்றார் தெய்வாத்தாள். கேட்டில் மெஷின் எதுவும் ஓடவில்லையே என்றார் அருள்குமார். ஒருவர் போக நாள் குறித்தால் இன்னொருவருக்கு ஜீப் இருக்காது.

“மூணு பேரும் ஒரே வண்டில வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்” என்று சாயிரா ஒரு வேனுக்குச் சொல்லி வைத்தார்.

வேன் வந்தபோது அதன் நெற்றியில் செவ்வந்தி மாலையும் இரண்டு பக்கமும் வாழைக் கன்றும் இருந்தன. காலையில்தான் துடியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததாம். கழற்ற நேரமில்லை. டிரைவர் சாவியைத் திருப்பினால் நாதஸ்வரம் வாசித்தது; நிறுத்தினால் வண்டியும் நின்றது. அப்படியே ஏறினார்கள். தெய்வாத்தாள் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார். வழியில் சிக்னலில் நின்றபோது பக்கத்துப் பஸ்ஸில் இருந்தவர்கள் மணப்பெண்ணைத் தேடி எட்டிப் பார்த்தார்கள். அருள்குமார் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார்.

மில் வாசலில் செக்யூரிட்டி, “ஏனுங்க, மாப்ள ஊட்டுக்காரங்களா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். மேனேஜர் தனபால் சட்டைப் பட்டனைப் போட்டபடி ஓடி வந்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும், நடுங்காமல் நேராகவே பேசினார்.

“பூட்டச் சொன்னதே நீங்கதானுங்க.”

“யாரு?” என்றார் சாயிரா.

“மூணு பேரும்தானுங்க. யாரு உள்ள, யாரு வெளியன்னு கணக்கு இருக்கோணும்னு சார் சொன்னாரு.” திருமூர்த்தியைக் காட்டினார். “வெளியாள் மெஷின் பக்கம் வரப்படாது, கேட்டைச் சாத்துங்கன்னு இந்த சார். புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மில்லுதான் பொறுப்புன்னு மேடம். மூணையும் சேத்துப் பாத்தனுங்க. பூட்டு வந்துருச்சு.”

மூன்று அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னது ஞாபகம் இருந்தது. சாயிரா கைக்குட்டையைத் தேடினார், அகப்படவில்லை. சிரித்தார். தெய்வாத்தாள் அதட்டப் பார்த்து, அதட்டல் பாதியில் உடைந்து அவரும் சிரித்தார். பிறகு திருமூர்த்தி. வேடிக்கை பார்க்க வந்த பெண்களுக்கு எதற்கென்றே தெரியாமல் தொற்றிக்கொண்டது. தனபாலும் சிரித்தார், தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி அதில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அப்போது ரித்திகா முன்னால் வந்தாள். “அது மட்டும் இல்லீங்க அக்கா. ஞாயித்துக்கெழம ஷிப்ட்டுக்கு ஆள் கொறஞ்சா ரூம் கதவைத் தட்டுவாங்க. நாங்க வெளிய போயிட்டா எந்தக் கதவைத் தட்டறது?”

சாயிராவின் சிரிப்பு நின்றது. “அப்படீங்களா?” என்று தனபாலைக் கேட்டார். “ஆர்டர் அவசரம்னா மட்டுமுங்க” என்றார் அவர்.

நால்வரும் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெயிலுக்கு ஏசி வேண்டும் என்பதால் நாதஸ்வரமும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இறங்கும்போது மூவரும் ஒரே பேச்சாக வந்தார்கள். லீவு நாளில் கேட் திறந்திருக்கும். போகிறவள் சொல்லிவிட்டுப் போனால் போதும், யாரும் கூட வர வேண்டியதில்லை. லீவில் இருப்பவளை வேலைக்கு எழுப்பக் கூடாது. ஒவ்வொன்றையும் யார் வந்து பார்ப்பது என்பதையும் முடிவு செய்திருந்தார்கள். தனபால் முதலாளிக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். பேசி முடித்து, சரி என்று அதிகாரிகளிடம் தலையாட்டினார்.

ஞாயிறு காலை தனபால் சாயிராவைக் கூப்பிட்டார். “மேடம், தொறந்துபோட்டனுங்க. ஒருத்தரும் வெளிய போகலீங்க.”

மிரட்டி வைத்திருப்பார்களோ? உடனே ரித்திகாவுக்குப் போன் போட்டார். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

“கண்ணு, என்னாச்சு? ஏன் யாரும் போகல?”

“தூங்கறோங்க அக்கா” என்றாள் ரித்திகா. “யாரும் எழுப்பலீங்க.”

மத்தியானத்துக்கு மேல் எழுந்து, குளித்து, தலைக்குப் பூ வைத்து ஒரு கூட்டமாகக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். சாயிராவையும் பொருட்காட்சிக்கு வரச் சொன்னார்கள். மகள் சமீராவோடு போனார். மசாலாக் காளான் தின்று நாக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ராட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். “எனக்குத் தலை சுத்தும், நான் வரலீங்க” என்று சாயிரா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொட்டில் மேலே போனது. கீழே ஊர் முழுக்க விளக்குப் போட ஆரம்பித்திருந்தது. எதிர்த் தொட்டிலில் ரித்திகா இரண்டு கையையும் தூக்கி அலறினாள். சாயிரா கண்ணை மூடி, ரெண்டு துஆ ஓதி, மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்தார். அப்புறம் சமீராதான் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரிக்கிற சிரிப்பில் அவர் தொட்டிலை விட்டு எழுந்துவிடுவார் போலிருந்தது.

“ம்மா, உக்காரு.”

“இன்னொரு சுத்து போலாம்டி” என்றார் சாயிரா.